கேட்டு வாங்குவோம்: இரண்டு பழைய படகுகள், ஒரு சங்கத்தின் பணம்



கைமாறி வரும் பொருட்களை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை இந்தப் பகுதியில் தொடர்ந்து எழுதி வருகிறேன். தையல் இயந்திரம், மா அரைக்கும் இயந்திரம், முச்சக்கர வண்டி என்று பலவற்றைப் பார்த்துவிட்டோம். இந்த மாதம் படகு. அதுவும் மீன் பிடிப்பதற்கல்ல, உல்லாசமாகப் போய்வருவதற்கு.

"எங்களுக்கு ஏன் உல்லாசம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு மாதர் சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர் அதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளையும் ஒரு பொட்டலம் துணியையும் தூக்கிக்கொண்டு வாவியைத் தாண்டியவர் அவர். "இந்த வாவிய நான் எத்தினையோ தரம் ஓடிக் கடந்திருக்கன். ஒருநாளும் பார்த்ததில்ல" என்றார். ஊரில் எல்லோரும் அவரைப் பெத்தா என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தச் சங்கத்தில் பன்னிரண்டு பேர். பெரும்பாலானோர் குடும்பத்தைத் தாமே தலைமை தாங்கி நடத்துபவர்கள். பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு கொஞ்சம் கடனும் எடுத்து, ஒரு படகு வாங்கத் தீர்மானித்தார்கள். விடுமுறைக்கு வருபவர்களையும், வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வரும் உறவினர்களையும், பாடசாலைப் பிள்ளைகளையும் காலையிலும் மாலையிலும் வாவியில் ஏற்றிச் சென்று காட்டுவது அவர்களுடைய எண்ணம். மாதத்தில் ஒருநாள் அங்கத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் காசில்லாமல் போய்வருவது என்று கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். விற்பனைக்கு இரண்டு மிதவைப் படகுகள் இருந்தன. தெரிவு செய்யும் நாளில் கூட வரும்படி என்னைக் கேட்டார்கள். போனேன். அங்கே கண்டதையும், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியதையும் எழுதுகிறேன்.

மிதவைப் படகும் எங்கள் பாதையும்

மட்டக்களப்பில் 'பாதை' என்றால் வீதி மட்டுமல்ல என்பது அவ்வூர்ச் சகோதரிகளுக்குத் தெரியும். இரண்டு மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிளையும் மோட்டர் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகுமே, அதுவும் பாதைதான். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் அப்படித்தான் போய்வந்தார்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரைக்கும் பாதைதான் துணை. மிதவைப் படகு அந்தப் பாதையின் தங்கச்சி. இதற்கும் இரண்டு மிதவைகள், மேலே தட்டு. கூடுதலாக ஒரு இயந்திரம், சுற்றிவரக் கம்பிவேலி, ஆசனங்கள், வெயிலுக்கு ஒரு கூரை.

வாவிக்கு இது பொருத்தமான படகு என்பதில் சந்தேகமில்லை. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவி பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைந்தது. மிதவைப் படகுக்கு ஆழமான நீர் தேவையில்லை. தோணியைப் போல ஒரு பக்கம் கால் வைத்ததும் ஆடாது. சேலை உடுத்தவர்களும், கைக்குழந்தையோடு வருபவர்களும், முழங்கால் வலியுள்ள வயதானவர்களும் பயமில்லாமல் ஏறி இறங்கலாம்.

ஆனால் ஆடாத படகு கவிழாத படகு என்று நினைத்துவிடக் கூடாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை மறக்க முடியாது. அங்கே புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்தது. காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள். தட்டையாக, அகலமாக இருப்பதால் "இன்னும் இரண்டு பேர் ஏறலாம்" என்று தோன்றுவதே இந்தவகைப் படகின் முதல் ஆபத்து. சுமை கூடினால், அல்லது எல்லோரும் முன்பக்கம் போய் நின்றால், மிதவையின் மூக்கு நீருக்குள் குத்தும். தண்ணீர் தட்டின் மேல் ஏறிவிட்டால் அதன் பாரமும் சேர்ந்து அழுத்தும். இரண்டாவது ஆபத்து காற்று. கூரையும் பக்கத் துணிகளும் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும்.

இரண்டு படகுகளும் எப்படி இருந்தன?

முதலாவது அலுமினியக் குழாய் மிதவைகள் கொண்டது. நீளம் 6 மீற்றர். தென்பகுதியில் ஒரு நன்னீர் ஏரிக்கரை ஹொட்டேலில் ஓடியதாகவும், கொரோனாக் காலத்தில் அந்த ஹொட்டேல் மூடப்பட்டபின் கைமாறி வந்ததாகவும் சொன்னார்கள். இப்போது விற்பவர் அதை வாவியில் கொண்டுவந்து விட்டு மூன்று வாரமாகிறது. புதிய மெத்தை ஆசனங்கள், தட்டின் மேல் பச்சைக் கம்பளம், 40 குதிரைவலு பெற்றோல் இயந்திரம். பார்த்தவுடன் ஏறி உட்காரத் தோன்றும்.

இரண்டாவது பைபர் மிதவைகள் கொண்டது. நீளம் 5 மீற்றர். உள்ளூரிலேயே கட்டப்பட்டது. 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இயந்திரம். கூரைத் துணி கிழிந்திருந்தது. ஆசனம் வெறும் பலகை. இதன் விலை குறைவுதான், ஆனாலும் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் குறைவில்லை. விலைகளை இங்கே எழுதவில்லை. இன்று எழுதும் விலை நீங்கள் வாங்கப் போகும் நாளில் இருக்காது.

அலுமினியப் படகை விற்பவரிடம் போனதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "ஆம்பிளையாள் ஆரும் வரல்லியா? வந்தா விளங்கப்படுத்தலாம்" என்பது. சங்கத் தலைவி கோபப்படவில்லை. "எங்களுக்கே விளங்கப்படுத்துங்க தம்பி, காசு எங்கட கையிலதான் இருக்கு" என்றார். கொப்பியைத் திறந்து பேனாவையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொள்வதைக் கண்டதும் அவருடைய பேச்சு மாறியது. சகோதரிகளே, எந்தப் பொருளை வாங்கப் போனாலும் ஒரு கொப்பி கொண்டுபோங்கள். எழுதப்படும் பதிலைச் சொல்பவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

எத்தனை பேர் ஏறலாம்?

இதுதான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. முதற் படகின் உரிமையாளர் "பதினெட்டுப் பேர்" என்றார். இரண்டாமவர் "பன்னிரண்டு" என்றார். சங்கத்தில் உயர்தரம் படித்த ஒரு தங்கை இருந்தார். அவரைக் கொண்டு கணக்குப் பார்த்தோம். உங்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

ஒரு மிதவை முழுவதாக நீருக்குள் அமிழ்ந்தால், அது எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தாங்கும். ஒரு கனமீற்றர் நீரின் எடை 1000 கிலோகிராம். அலுமினியக் குழாயின் குறுக்களவு 60 சென்ரிமீற்றர். அரைக் குறுக்களவு 0.3 மீற்றர். 0.3ஐ 0.3ஆல் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நீளம் 6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.7 கனமீற்றர் வரும். முனை கூராக இருப்பதால் 1.6 என்று வைத்துக்கொண்டோம். இரண்டு குழாய்களுக்கும் 3.2. அதாவது 3200 கிலோகிராம்.

அவ்வளவையும் ஏற்றலாமா? கூடவே கூடாது. அவ்வளவு ஏற்றினால் மிதவை முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். பாதி மிதவை எப்போதும் வெளியே தெரிய வேண்டும் என்று வைத்தோம். அப்படியானால் 1600. அதில் தட்டு, கூரை, ஆசனம், இயந்திரம், எரிபொருள் எல்லாம் சேர்ந்த படகின் எடை சுமார் 850. மிச்சம் 750. ஆளொன்றுக்குக் கைப்பையோடு 75 கிலோகிராம் என்றால் பத்துப் பேர். பதினெட்டு அல்ல. பதினெட்டுப் பேர் ஏறினால் மிதவையில் மூன்றில் இரண்டு பங்கு நீருக்குள் போய்விடும். அந்த நிலையில் எல்லோரும் படம் எடுக்க ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பைபர் படகுக்கும் இதே கணக்கைப் போட்டோம். எட்டுப் பேர் வந்தது. ஓட்டுபவரும் உதவியாளரும் போக, முதற் படகில் எட்டுப் பயணிகள், இரண்டாவதில் ஆறு.

கணக்கு வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். முழங்காலளவு நீரில் படகை நிறுத்தி, அத்தனை பேரும் ஏறி நின்று பாருங்கள். மிதவையில் பாதி வெளியே தெரிகிறதா? பிறகு எல்லோரும் மெதுவாக ஒரு பக்கம் போங்கள். பிறகு முன்பக்கம் போங்கள். தட்டுக்கும் நீருக்கும் இடையில் எவ்வளவு உயரம் மிஞ்சுகிறது என்று கரையில் நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்துப் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. ஆனால் கரையில் நின்ற தலைவி அளவுகோலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு இரவும் ஒரு சுண்ணாம்புக் கோடும்

மிதவையில் துவாரம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நீருக்கு மேலே இருக்கும் பகுதியைக் கழுவி மினுக்கி வைப்பார்கள். கீழே இருப்பது தெரியாது. அதற்கு ஒரு செலவில்லாத சோதனை உண்டு. ஆளில்லாமல் படகை அமைதியான நீரில் கட்டி, நான்கு மூலைகளிலும் நீர் தொடும் இடத்தில் சுண்ணாம்பாலோ வர்ணக்கட்டியாலோ கோடு போடுங்கள். இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டு படகுகளுக்கும் அப்படிச் செய்தோம். ஆட்கள் முறைபோட்டு இரவு காவல் இருந்தார்கள். காலையில் பைபர் படகின் நான்கு கோடுகளும் நீர்மட்டத்திலேயே நின்றன. அலுமினியப் படகின் இடது மிதவை பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

உரிமையாளர், "அது மழைத் தண்ணி. வெயிலுக்கு உள்ளுக்க வேர்க்கிற தண்ணியும் இருக்கும்" என்றார். குழாய்க்குள் காற்று குளிரும்போது கொஞ்சம் நீர் படிவது உண்மைதான். அதனால் படகைக் கரைக்கு இழுத்து, பின்பக்க அடைப்பைக் கழற்றச் சொன்னோம். தண்ணீர் வந்தது. ஒரு கோப்பை இரண்டு கோப்பை அல்ல, வாளி நிரம்ப. பெத்தா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார். மழைநீரும் வேர்வை நீரும் உப்புக் கரிக்காது. வாவி நீர்தான் உள்ளே போயிருக்கிறது. ஒரு படகுப் பொறியியலாளர் செய்யக்கூடிய சோதனையை அவர் ஒரு நொடியில் செய்து முடித்தார்.

குழாய்க்குள் தடுப்புகள் இருப்பதால் ஒரு அறையில் நீர் புகுந்தாலும் படகு உடனே மூழ்காது. அதனால் இதை உயிராபத்து என்று அவசரப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் துவாரம் ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டும். அலுமினியத்தை உப்புநீர் புள்ளி புள்ளியாக அரிக்கும். உருக்கு ஆணிகளும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்திருக்கும் இடத்தில் அரிப்பு இன்னும் கூடும். செம்பு கலந்த வர்ணம் பூசினாலும் அப்படித்தான். அதற்காகவே உப்புநீரில் ஓடும் படகுகளில் துத்தநாகக் கட்டி பூட்டுவார்கள். அந்தக் கட்டி கரைந்து தன்னைக் கொடுத்து மிதவையைக் காக்கும். நன்னீரிலிருந்து வந்த இந்தப் படகில் அது இருக்கவில்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் வாவியில் உப்புக் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி, இதை யார் திருத்துவார்கள் என்பது. அலுமினியத்தை ஒட்டுவதற்குத் தனியான இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். அவ்வூரில் அப்படி ஒருவர் இருக்கவில்லை. பைபர் வேலை தெரிந்தவரோ கரையோரக் கிராமங்களில் எங்கும் உண்டு. மீன்பிடிப் படகுகள் அத்தனையும் பைபர்தானே. ஒரு வெடிப்பு வந்தால் அடுத்த நாளே ஒட்டிக் காயவைத்து விடலாம்.

தட்டும் இயந்திரமும்

பைபர் படகிலும் குறை இல்லாமல் இல்லை. தட்டின் பின்மூலையில் பிளைவூட் பலகையைத் திறப்பால் தட்டியபோது மற்ற இடத்தில் 'டக்' என்று கேட்ட சத்தம் அங்கே மந்தமாகக் கேட்டது. கூர்நுனியால் அழுத்தினால் உள்ளே போனது. பலகை உக்கியிருந்தது. அலுமினியப் படகில் கம்பளம் ஒட்டியிருந்ததால் இந்தச் சோதனையையே செய்ய முடியவில்லை. மூலையிலாவது உரித்துக் காட்டச் சொன்னோம், உரிமையாளர் விரும்பவில்லை. மூடியிருக்கும் இடத்தில்தான் நாம் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும்.

இயந்திரத்தைப் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள். முதலில் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னரே ஓடவைத்து எடுத்திருக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது என்பதே முக்கியம். ஓடும்போது பின்பக்கத்துச் சிறு துவாரத்தால் நீர் தொடர்ந்து பீறிட வேண்டும். அது நின்று நின்று வந்தால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோட்டத்தில் பிழை. கீழே கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. முடியுமானால் ஒரு கராஜ்காரரைக் கூட்டிச் சென்று சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால், 40 குதிரைவலு இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது. 15 குதிரைவலு இயந்திரம் குளிரிலும் ஒரே இழுவையில் கிளம்பியது, ஆனால் கியர் எண்ணெய் வெளுத்திருந்தது. சீல் மாற்ற வேண்டும் என்று கராஜ்காரர் சொன்னார். செலவைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

எரிபொருளையும் யோசிக்க வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது எத்தனையோ படகுகள் கரையில் கிடந்ததை நாங்கள் கண்டோம். மெதுவாகப் போய் வாவியைக் காட்டும் வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. அது குடிப்பதற்கும் சேர்த்து நாம் உழைக்க வேண்டும்.

கூட்டத்தில் நடந்த வாக்குவாதம்

அன்று மாலை சங்கக் கூட்டம் கூடியது. இந்த இடத்தில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். கணக்குப் பார்த்த அந்தத் தங்கையே அலுமினியப் படகை வாங்க வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னது நியாயமற்றதல்ல. "எட்டுப் பேருக்கும் ஆறு பேருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பயணத்தில காற்பங்கு வருமானம். கடன் எங்கட தலையிலதான் இருக்கு. வட்டி ஒவ்வொரு மாசமும் வரும். வாறவங்க மெத்தைக் கதிரையத்தான் பார்ப்பாங்க. உடைஞ்ச பலகையில ஆர் காசு குடுத்து இருப்பாங்க?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள்.

பெத்தாவிடம் கேட்டபோது, "புள்ள சொல்றது சரிதான். வட்டி கட்டத்தான் வேணும். ஆனா ஓட்டையில்லாத பலகையில இருந்து வட்டி கட்டினா நித்திர வரும்" என்றார்.

சண்டையை வளர்க்காமல் தலைவி இரண்டு தாள்களை ஒட்டினார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாள். அறிந்த குறைகள், அதைத் திருத்துபவர் யார், எங்கே இருக்கிறார், எவ்வளவு நாள், எவ்வளவு காசு என்று நிரல்கள். பைபர் படகின் தாளில் மூன்று குறைகள் இருந்தன: உக்கிய பலகை, கியர் சீல், கிழிந்த கூரை. மூன்றுக்கும் எதிரே ஆளும் நாளும் காசும் எழுத முடிந்தது. கூரையை அங்கத்தவர்களே தைக்கலாம் என்பதால் காசுகூட எழுதவில்லை. அலுமினியப் படகின் தாளில் ஒரே ஒரு குறைதான் நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு எதிரே இருந்த நிரல்கள் வெறுமையாகவே கிடந்தன.

அந்தத் தங்கை தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப அவர் திருத்தித் தரட்டும். திருத்தினாப் பிறகு திரும்ப ஒரு இரவு தண்ணியில விட்டுப் பார்ப்பம். கோடு நின்றா வாங்குவம்" என்றார். மிகவும் சரியான பேச்சு. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த நாள் காலை உரிமையாளரிடம் அப்படியே சொன்னோம். திருத்தித் தரலாம் என்றார். ஆனால் மறுபடி ஓர் இரவு விட்டுப் பார்க்க முடியாது, வேறு ஆட்கள் காசோடு நிற்கிறார்கள், பின்னேரத்துக்குள் முற்பணம் தர வேண்டும் என்றார்.

தலைவி கொப்பியை மூடினார். அதற்குப் பிறகு வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை. பைபர் படகை, மூன்று குறைகளின் செலவையும் விலையில் கழித்துப் பேசி வாங்கினார்கள். அதன் பழைய உரிமையாளர், எப்போது எண்ணெய் மாற்றினேன், எப்போது பிளக் மாற்றினேன் என்று எழுதி வைத்திருந்த ஒரு கொப்பியையும் சேர்த்துத் தந்தார். வருமானக் குறைவு இல்லாமலாகிவிடவில்லை. காலையில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குறுகிய பயணங்கள் ஓடுவது என்று அந்தத் தங்கையே புதிய கணக்கொன்று எழுதினார். கடன் முடிய இன்னும் சில மாதங்கள் கூடும். அதையும் எல்லோரும் தெரிந்துகொண்டே கையெழுத்திட்டார்கள்.

வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

படகு வாங்காதவர்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எத்தனை பேர் ஏறலாம் என்று விற்பவரிடம் கேட்டாலும், அளந்து, ஏறி நின்று நீங்களே தீர்மானியுங்கள். அந்த எண்ணைப் படகில் பெரிதாக எழுதுங்கள். ஓட்டுபவரையும் கைக்குழந்தையையும் அந்த எண்ணுக்குள் சேருங்கள்.

2. ஓர் இரவு தண்ணீரில் விட்டுக் கோடு பாருங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

3. படகு யாருடைய பெயரில் இருக்கிறது, இயந்திரத்தில் பொறித்த இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். மீன்பிடிக்கப் பதிந்த படகில் காசுக்குப் பயணிகளை ஏற்றுவது வேறு விடயம். என்ன அனுமதி வேண்டும் என்று முற்பணம் கொடுக்கு முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

4. புதிய பத்திரத்தைச் சங்கத்தின் பெயரிலேயே எழுதுங்கள். "வசதிக்காக" ஓர் அண்ணனின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ எழுத வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருக்குப் பிறகு கேள்வி கேட்க வருபவர் யார் என்று நமக்குத் தெரியாது. கணவனின் பெயரில் இருந்த காணிக்கும் வள்ளத்துக்கும் அலைந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

5. உயிர்காப்பு அங்கியின் விலையைப் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஆளுக்கொன்று வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவிலேயே வேண்டும். பெரியவர்களின் அங்கியைப் போட்டால் பிள்ளை நழுவிக் கீழே போய்விடும். ஆசனத்துக்கடியில் அடுக்கி வைத்த அங்கி யாரையும் காப்பாற்றாது. கரையிலேயே போட்டுப் பூட்டிவிட்டு ஏற்றுங்கள். சேலைக்கு மேலும் போடலாம்.

6. பிற்பகலில் கடற்காற்று எழும்பும். காலையில் போவதே நல்லது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியும் மின்னலும் வரும். இடி கேட்டால் கரைதான். வாடைக்காற்றுக் காலத்திலும், முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும் நாட்களிலும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

7. உப்புநீரில் ஓடிய இயந்திரத்தை ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவுங்கள். வருமானத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று வேறாக வையுங்கள். அதைத் தொடுவதற்குச் சங்கத் தீர்மானம் வேண்டும்.

8. நீந்தப் பழகுங்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது பல கிராமங்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள். நீந்தத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம். எங்களுடைய பெண்பிள்ளைகளுக்காவது அதைப் பழக்குவோம்.

அந்தச் சங்கத்தில் இரண்டு பேர் இயந்திரம் ஓட்டப் பழகியிருக்கிறார்கள். ஒருவர் அலுமினியப் படகுக்காக வாதாடிய அந்தத் தங்கை. "எட்டுக்கு மேல ஒருத்தரும் ஏறக் கூடாது" என்று கரையில் நின்று கறாராகச் சொல்பவரும் இப்போது அவர்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒன்பதாவது ஆளாக ஏற வந்தபோது, "அடுத்த பயணத்தில முதலாவது ஆள் நீங்கதான் மாமா" என்று கதிரை போட்டு உட்கார வைத்தாராம்.

மாதத்தில் ஒருநாள் காசில்லாத பயணத்தை நிறுத்தினால் கடன் சீக்கிரம் முடியுமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சங்கம் அதை நிறுத்தவில்லை. தேய்மானம், எண்ணெய், வட்டி என்று எழுதும் அதே பக்கத்தில் அந்தப் பயணத்தையும் ஒரு செலவாக எழுதி வருகிறார்கள். அது சரியென்றே நானும் நினைக்கிறேன்.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் இப்படி எதையாவது வாங்க யோசித்தால், முற்பணம் கொடுக்கு முன் எழுதிக் கேளுங்கள். கொடுத்த பின் எழுதினால் ஆறுதல்தான் சொல்ல முடியும். அடுத்த மாதம் பழைய குளிர்சாதனப் பெட்டி பற்றிப் பார்ப்போம்.

அதுவரை அன்புடன் விடைபெறுகிறேன்.